நடுவீட்டுத் தரையை உடைக்கும் செலவு

அந்த வட்டாரத்தில் மண்டை உடைந்தவர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். இன்னும் உடையாதவர்களுக்கும், எப்போதாவது தேவைப்படும் என்ற முன்யோசனையில், தெரியும்.

கடைவீதி முனையில் ஒரு சின்ன கிளினிக். முன்னறையில் டாக்டர். அவர் பேசுவது அநேகமாக "ம்ம்" ஒன்றுதான். அதை அவர் இழுக்கிற இழுப்பில் காய்ச்சலா, எலும்பு முறிவா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா எல்லாம் தெரிந்துவிடும். பின்னறையில் அவள். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, மாவுக்கட்டு சுற்றுவது, தையல் போடுவது எல்லாம் அவள் கைதான். இருபத்திரண்டு வருஷமாக. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் தையலம்மா.

காயத்தைப் பார்த்ததும் ஆயுதத்தைச் சொல்லிவிடுவாள். "இது கரண்டி. இது செருப்பு, அதுவும் குதிகால் பக்கம். இது நீயா விழுந்தது, குடிச்சிருக்கே." கதவில் இடித்துக்கொண்டேன் என்று கன்னத்தைப் பிடித்தபடி வந்த ஒருவனிடம், "உங்க வீட்டுக் கதவு மோதிரம் போட்டிருக்கா?" என்று கேட்டவள் அவள்.

ஆனால் யார் அடித்தது என்று கேட்க மாட்டாள். அடித்தவனும் பட்டவனும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், யாருக்கு ரத்தம் அதிகம் போகிறதோ அவன் முதலில். வாசலில் நின்று ஒருவரையொருவர் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்த இரண்டு கோஷ்டிகளை, இடது கையில் பஞ்சும் வலது கையில் கத்தரியுமாக நின்று அடக்கியிருக்கிறாள். "ஊசி கையில இருக்கறப்போ எனக்குன்னு ஒரு வார்த்தை என் வாயில வராது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து. மிச்சமெல்லாம் வீட்டு வாடகையிலும் புருஷன் காலிலும் போயிருந்தது.

புருஷன் லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் லாரியின் பின்கதவு கொக்கி கழன்று, அந்த இரும்புப் பலகை மொத்தமும் அவருடைய வலது பாதத்தின் மேல் இறங்கியது. எலும்பு தப்பியது. தோல் தப்பவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். "ஒட்டின தோல் பிடிக்கணும். அதுவரைக்கும் அழுக்குத் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. பட்டா கணுக்காலோட எடுக்க வேண்டியதுதான்" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படி எடுத்த கால்களுக்குக் கட்டு மாற்றியவள் அவள்.

வீட்டுக்குக் கூட்டி வந்து பின்னறையில் படுக்க வைத்தாள். முன்னறையில் ஒரு ஆள் குறுக்கே படுத்தால் கதவு திறக்காது. பின்னறையை ஒட்டிக் குளியலறை. மூன்றாம் நாள் காலையில் குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்புளித்து, வாசற்படியைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது.

"ஏய், கீழ ஏதோ வந்திருக்கு. வாசனையைப் பார்த்தா நம்ம சொந்தக்காரங்க மாதிரி இருக்கு" என்றார் புருஷன்.

கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினாள். பிறகு பிளம்பரை அழைத்தாள்.

பிளம்பருக்குச் சொட்டு என்று பெயர் விழுந்திருந்தது. எப்போதும் அவர் மூக்கு ஒழுகும். ஊர்க் குழாயெல்லாம் அடைப்பவர் தன் மூக்கை மட்டும் விட்டுவிட்டார் என்று கிண்டல் செய்வார்கள். அவர் வந்து, அவள் வீட்டுக் கொல்லையில் இருந்த சாக்கடைச் சேம்பரின் மூடியைத் தூக்கி, கம்பியை விட்டு, முகர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"அக்கா, இது உங்க வீட்டு வியாதி இல்ல. மூணு வீட்டுக்கும் ஒரே லைன். முதல் வீட்டுல ஆரம்பிச்சு, நடுவீட்டுத் தரைக்கு அடியில வந்து, உங்க வீட்டு வழியா ரோட்டுக்குப் போகுது. பழைய மண்குழாய். நடுவீட்டுல வாட்டம் போயிடுச்சு, குழாய் தொங்கிக்கிட்டிருக்கு. அங்க அழுக்கு தேங்கித் தேங்கி, ஒரேயடியா உங்க பக்கம் தள்ளுது."

"என் பக்கம் மட்டும் மாத்தினா?"

"மாத்தலாம். ஒரு வாரம் நல்லா இருக்கும். அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

"என்ன ஆகும் மொத்தமா?"

"பைப்பு காசு கம்மிதான். தரையை உடைக்கிற கூலிதான் ஜாஸ்தி. உடைச்சதை மூடறது அதைவிட ஜாஸ்தி. மூணு வீடும் பங்கு போட்டா ஒண்ணும் பெரிசில்ல."

முதல் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வீட்டில் பேசினாலும் பக்கத்து சீட்டில் யாரோ தப்பாக ஓட்டுவது போலத்தான் பேசுவார். "என் பங்கு ரெடிம்மா. நான் ஃபர்ஸ்ட் கியர்லயே நிக்கிறேன். நடுவுல அவன் பிரேக் போடாம பார்த்துக்க" என்றார்.

நடுவீட்டுக்காரர் பிரேக் போடவில்லை. வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

அவருக்கு டைல்ஸ் கடை. வீட்டு ஹாலே அவருடைய ஷோரூம். நடுவில் பதினாறு கல் சேர்ந்தால் ஒரே ஒரு பெரிய பூ. கடைக்கு வருகிற பெரிய பார்ட்டிகளை வீட்டுக்கு அழைத்து வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அந்தப் பூவின் மேல் நிற்க வைத்து, "காலுக்குக் கீழ ஏதாவது கோடு தெரியுதா பாருங்க சார்" என்பார். தெரியாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மயிர்கூட நுழையாது. அந்தப் பூவைப் போட்ட கம்பெனி அந்த ரகத்தை நிறுத்தி நாளாகிவிட்டது. குழாய் போவது அந்தப் பூவுக்கு நேர் கீழே.

"தங்கச்சி, பங்கு என்ன பங்கு, மொத்தச் செலவையும் நானே தர்றேன்" என்றார். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. "ஆனா என் தரையில உளி படக்கூடாது."

"தரையை உடைக்காம எப்படிண்ணே குழாய் மாத்தறது?"

"அது பிளம்பர் பாடு."

"என் வீட்டுக்காரர் கால் போயிடும்ணே. நான் சும்மா சொல்லல."

"வேற ரூம்ல படுக்க வையேன்."

"இருக்கறதே ரெண்டு ரூம்."

"அப்ப வேற வீடு பாரேன்."

அந்த நேரத்தில் அவளோடு வந்திருந்த சொட்டு, நல்லது செய்கிற நினைப்பில், குனிந்து உளியின் பிடியால் பூவின் ஒரு இதழில் மெல்லத் தட்டினார். டொக் டொக். காதைத் தரையில் வைத்தார். "அண்ணே, சத்தம் சரியில்லையே, உள்ளே..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டைல்ஸ்காரரின் குதிகால் அவருடைய கட்டை விரலின் மேல் இறங்கியது. செருப்பில்லாத குதிகால்தான். ஆனாலும் ஆள் எண்பது கிலோ. கீழே கல். விரல் முறிந்த சத்தம் அந்த அழகான ஹாலில் நன்றாகவே எதிரொலித்தது.

"ஒரு கல்லு உடைஞ்சா ஒரு எலும்பு உடையும். எல்லார்கிட்டயும் சொல்லி வை" என்றார் டைல்ஸ்காரர். இப்போது வெண்ணெய் இல்லை.

தையலம்மா தெருவில் வைத்தே சொட்டின் விரலுக்குக் குச்சி கட்டினாள். அவர் அழுதுகொண்டே, "அக்கா, நான் தட்டினது தப்பா?" என்றார். "தட்டினது தப்பில்ல. கையை அங்கயே வச்சிருந்தது தப்பு" என்றாள்.

அடுத்த நாலு நாளும் தண்ணீர் வந்தது. டைல்ஸ்காரர் வீட்டில் தரை கழுவும்போதெல்லாம் வந்தது. அவர் வீட்டில் தினம் இரண்டு வேளை தரை கழுவுவார்கள். செங்கல் ஒன்று மூழ்கியது. இரண்டாவது செங்கல் வைத்தாள். ஐந்தாம் நாள் மதியம் கட்டு மாற்றும்போது, ஒட்டிய தோலின் ஓரத்தில் ஒரு மூலை வெளிறி இருப்பதைப் பார்த்தாள். முகர்ந்தாள். புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மூக்கைச் சுளிக்கிறே?"

"ஒண்ணுமில்ல. உங்க கால் எப்பவும் நாறும்."

ஒரு விஷயம் அவள் கைக்குப் பழக்கம். எங்கிருந்து பெருக்கெடுக்கிறதோ அங்கே அமுக்கிக் கட்டு. ரத்தத்துக்கு அதுதான் வைத்தியம். சாக்கடைக்கும் அதுதான் என்று அவள் நினைத்தாள். குழாயைப் பற்றித் தெரிந்தவர் யாரும் செய்யாத காரியம் அது.

கிளினிக்கிலிருந்து எட்டு ரோல் மாவுக்கட்டுத் துணி எடுத்து வந்தாள். வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கி, குமிழி நின்றதும் பிழிந்து, கொல்லைச் சேம்பருக்குள் கையை விட்டு, நடுவீட்டுக் குழாய் வந்து திறக்கிற வாயில் திணித்தாள். முழங்கை வரை கறுப்பு. முதல் ரோல் உள்ளே, அதன் மேல் அடுத்தது, சந்து பொந்தெல்லாம் விரலால் அழுத்தி. பிறகு உள்ளங்கையை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். உடைந்த கைக்குப் போடும்போது பிள்ளைகள் பயப்படுவார்கள், "சூடா இருக்கு ஆன்ட்டி" என்பார்கள். இப்போது அந்தச் சூடு கைக்கு வந்தபோது அவளுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. வெந்நீரில் இரண்டு முறை கையைக் கழுவிவிட்டு மத்தியான டியூட்டிக்குப் போனாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்து முகம் கழுவுவதற்குள் நடுவீட்டில் கூச்சல் கிளம்பியது. முதலில் டைல்ஸ்காரரின் மனைவி குரல்: "ஐயோ, பூ மேல! பூ மேல வருது!" பிறகு டிரைவிங் ஸ்கூல்காரர்: "என் வீட்டுலயும் வருதே! ரிவர்ஸ்ல வருதே!" பிறகு ஒரு சின்ன அமைதி. டைல்ஸ்காரர் யோசிக்கிறார். பிறகு மதில் மேல் அவர் தலை.

அவர் சுவரேறிக் குதித்தார். கையில் இரும்புக் கம்பி. தையலம்மா சேம்பர் மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"இறங்கு."

"தரையை உடைக்க ஒத்துக்கங்க, இறங்கறேன்."

"இறங்குடி!"

"டியா? அண்ணே, மரியாதை."

கம்பியைச் சுவரில் வீசியடித்துவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் முதுகு சுவரில் மோதி, முழங்கை உரிந்து, துவைக்கிற கல்லின் மேல் விழுந்தாள். அவர் கம்பியைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மூடியைத் தூக்கி, உள்ளே விட்டுக் குத்தினார். மாவுக்கட்டு எலும்பாகியிருந்தது. நாலு குத்து குத்தியும் சில்லுச் சில்லாகத்தான் தெறித்தது. தெறித்த கறுப்புத் தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. அவர் கத்தின கத்தலில் கெட்ட வார்த்தைகள் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அத்தோடு போயிருந்தால் அவளும் கீழேயே கிடந்திருப்பாள். அவர் போகவில்லை. பின்னறைக்குள் நுழைந்தார்.

"உன் புருஷனுக்குத்தானே இவ்வளவும்? இவனைக் கொண்டு போய் என் ஹால்ல போடறேன். அந்தத் தண்ணியிலயே படுக்கட்டும்!" என்று கட்டிலில் கிடந்தவரின் போர்வையோடு சேர்த்துக் காலைப் பிடித்து இழுத்தார். பிடித்தது காயம் படாத இடது கால். அது அவருக்குத் தெரியாது. கட்டில் செங்கல்லிலிருந்து ஒரு பக்கம் நழுவிச் சாய்ந்தது. கட்டுப் போட்ட கால் விளிம்புக்கு வந்தது. கீழே மதியத் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஆழம் நின்றது.

"ஏய், வா! வாடி!" என்று புருஷன் அலறினார். இரண்டு மாதத்தில் அவர் விளையாட்டில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோல் அவள் கைக்கு வந்தது. கைப்பிடிப் பக்கமாகப் பிடித்து, அடிப்பக்கம் ரப்பர் கழன்று போன இரும்பு முனையால், இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. நெற்றியில் பட்டது. டைல்ஸ்காரர் அப்படியே உட்கார்ந்தார். தோல் பிளந்து விரிந்து, ஒரு நொடி வெள்ளையாக இருந்து, பிறகு சிவப்பு நிறைந்து வழிந்தது. அந்த ஒரு நொடியில் அவள் மனசு தன் வேலையைச் செய்தது. மூணு விரல் நீளம். எலும்பு வரைக்கும். ஆறு தையல்.

"எனக்கும் ஒரு அடி மிச்சம் வை" என்றார் புருஷன், கட்டில் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

அவள் அவர் காலைத்தான் முதலில் பார்த்தாள். நனையவில்லை. கட்டிலை நிமிர்த்தினாள். பிறகு துண்டை எடுத்து டைல்ஸ்காரரின் நெற்றியில் அமுக்கினாள்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில்தான் கிளினிக் போனார்கள். முன்னால் டிரைவிங் ஸ்கூல்காரர், பின்னால் இவர்கள் இரண்டு பேர். வழி முழுக்க அவள் துண்டை அமுக்கிப் பிடித்திருக்க, அடியில் இருந்தபடி அவர் திட்டிக்கொண்டே வந்தார்.

"போலீசுக்குப் போவேன்."

"போங்க. தையல் போட்டுட்டுப் போங்க."

"உன்னை ஜெயில்ல தள்ளுவேன்."

"தலையை ஆட்டாதீங்க, ரத்தம் ஜாஸ்தி வரும்."

"ஏம்ப்பா, திட்டும்போது ஹாரன் அடிக்கவா?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்து ஒரு நீளமான "ம்ம்" சொன்னார். பின்னறையைக் காட்டினார்.

"இவளா? இவதான் டாக்டர் அடிச்சதே!"

டாக்டர் அவளைப் பார்த்தார். முழங்கை ரத்தத்தைப் பார்த்தார். "வேற யாரும் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை நீளமான வாக்கியம் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

மேசையில் படுக்க வைத்தாள். பச்சைத் துணியால் முகத்தை மூடி, காயம் மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டையை வைத்தாள். மரத்துப்போகிற ஊசி முழு அளவு போட்டாள், குறைக்கவில்லை. முதல் தையல். இரண்டாவது. துணிக்கு அடியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது. நாலாவது போடும்போது அந்த வெளிறின மூலை அவள் கண் முன்னால் வந்தது. அந்த வாசனையும் வந்தது. வாசல் தடுப்பில் டாக்டர் நிற்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை நிறுத்தினாள்.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றாள்.

ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"இப்படியே விட்டா புழு வைக்கும். தரையை உடைக்கிறீங்களா?"

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் குரலில் கேட்காத ஒன்று.

"நீ தைக்காட்டியும் சரி. முழு மண்டையையும் திறந்து போட்டாலும் சரி. என் தரையைத் தொட விடமாட்டேன்" என்றது துணி.

ஊசி மறுபடி அவள் கைக்கு வந்தது. பிறகு அவள் ஐந்தாவதைப் போட்டாள். ஆறாவதையும் போட்டாள். நூலை வெட்டினாள். கட்டுப் போட்டாள். துணியை எடுத்துவிட்டு, "காலையில வர்றேன். சுத்தியலோட" என்றாள்.

டாக்டர் ஒதுங்கி டைல்ஸ்காரருக்கு வழி விட்டார். அவளுக்கு வழி விடவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

விடிந்ததும் சொட்டு வீட்டுக்குப் போய்ப் பெரிய சுத்தியலைக் கேட்டாள். அவர் கட்டுப் போட்ட விரலைக் காட்டி, "உடைக்க என்னைக் கூப்பிடாதீங்க, ஆனா பார்க்க வர்றேன்" என்றார். தெருவே வந்தது.

டைல்ஸ்காரர் ஹாலின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, பூவின் மையத்தில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் வழித்துக் கழுவியிருந்தார்கள். தரை பளபளத்தது, நாற்றம் மட்டும் போகவில்லை. தலையில் வெள்ளைக் கட்டு. கையில் டீ டம்ளர்.

"அடி. முதல்ல என்னை அடி, அப்புறம் கல்லை" என்றார்.

"எழுந்திருங்க."

"மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரியைக் கேளுங்க, ராத்திரி எத்தனை வாளி அள்ளினாங்கன்னு."

"அவ அள்ளுவா. ஆயுசுக்கும் அள்ளுவா." மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் இரண்டு கையும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

தையலம்மா சுத்தியலைத் தோளுக்கு மேல் தூக்கினாள். ஒரு ஆளை எங்கே அடித்தால் எழமாட்டான் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் கிடையாது. அவர் நேராக அவள் கண்ணைப் பார்த்தார். டம்ளரில் டீ ஆடியது. சுத்தியல் இறங்கியது, அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில்.

ஒரு கல்தான் உடைய வேண்டும். உடைந்தது தரை. பதினாறு கல்லும் ஒன்றாக உள்ளே போயின. நாற்காலி போனது, டம்ளர் போனது, டைல்ஸ்காரர் போனார். பல வருஷமாகக் கசிந்து கசிந்து குழாய் அடியில் மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சத்தை நேற்று வழியில்லாமல் நின்ற சாக்கடை ஒரே நாளில் கரைத்துவிட்டது. பூ வெறும் ஓட்டின் மேல் பூத்திருந்தது. பள்ளத்தில் கழுத்து வரை கறுப்புச் சேறு. அதில் அவர் கை மட்டும் அடித்துக்கொண்டது. நாற்காலி அவர் காலில் மாட்டி உள்ளே இழுத்தது.

"தலை! தலையை நனைக்காதே!" என்று கத்திக்கொண்டே அவள் உடைந்த விளிம்பில் குப்புறப் பாய்ந்தாள். கல் விளிம்பு வயிற்றைக் கீறியது. அவர் பின்மண்டை முடியை ஒரு கையால் பிடித்து மேலே இழுத்து, மறு கையால் தாடையைத் தாங்கினாள். "தண்ணி படாம வை! வாயை மூடுய்யா! வாயை மூடி மூக்கால மூச்சு விடு!" அவர் பயத்தில் அவள் மணிக்கட்டைக் கடித்தார். விடவில்லை. அவளும் விடவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் அவள் கால்களைப் பிடித்து, "ரிவர்ஸ்! எல்லாரும் ரிவர்ஸ்!" என்று இழுக்க, அவரைத் தெரு இழுக்க, சொட்டு ஒற்றைக் கையால் யாரோ ஒருவரின் பெல்ட்டை இழுக்க, கடைசியில் டைல்ஸ்காரர் சேற்றிலிருந்து உருவி வெளியே வந்து விழுந்தார்.

கட்டு நனையவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு தெறித்திருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்து, புட்டி புட்டியாக மருந்து ஊற்றிக் கழுவினாள். எரிச்சலில் அவர் போட்ட சத்தத்துக்குத் தெரு சிதறியது. சொட்டு பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, நீங்க அடைச்சதாலதான் இவ்வளவு சீக்கிரம் விழுந்தது. அழுக்குக்கு எங்கயாவது வழி வேணும்ல? இதுல அந்த ஆள் போயிருந்தா உங்களைத்தான் கேட்டிருப்பாங்க."

அவள் கடிபட்ட மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு "தெரியுது" என்றாள்.

"இன்னொண்ணு. செலவு குறைஞ்சுடுச்சு. உடைக்கிற கூலி வேணாம். நீங்களே உடைச்சிட்டீங்க."

சொட்டு ஆள் வைத்து மூன்று நாளில் புதுக் குழாய் இறக்கினார், முதல் வீட்டிலிருந்து ரோடு வரை, வாட்டம் பார்த்து. மூன்று வீடும் பங்கு கொடுத்தது. தையலம்மாவின் பங்கு அவளுடைய கடைசிச் சம்பளம். டைல்ஸ்காரர் போலீசுக்குப் போகவில்லை. போனால் சொட்டின் விரலும் வாக்குமூலம் கொடுக்கும். ஹாலில் வெறும் சிமெண்டு பூசினார். அதன் மேல் எந்தக் கல்லும் போடவில்லை.

எட்டாம் நாள் காலையில் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தையல் பிரிக்க வேண்டும். கிளினிக்கில் புதிதாக வந்த பெண்ணுக்குக் கை நடுங்குகிறதாம்.

"உள்ள வாங்க. அவருக்குக் கட்டு மாத்திக்கிட்டிருக்கேன், முடிச்சிட்டு வர்றேன்."

அவர் பின்னறை வரை வந்துவிட்டார். கட்டு அவிழ்ந்து பாதம் திறந்திருந்தது. வெளிறியிருந்த மூலையை அவள் வெட்டி எடுத்திருந்தாள். சுண்டு விரல் கறுத்துப் போயிருந்தது, அது அடுத்த வாரம் போய்விடும். மற்ற இடமெல்லாம் தோல் பிடித்து, மேடும் பள்ளமுமாக, பச்சை மாமிசம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. கால் தங்கிவிட்டது. டைல்ஸ்காரர் அதை இதுவரை பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்தது.

"இதுவா?"

"இதுதான்."

"உட்காருங்க அண்ணே, விழுந்துடுவீங்க. இந்த வீட்டுத் தரை கெட்டி, பயப்படாதீங்க" என்றார் புருஷன்.

டைல்ஸ்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். அவள் கட்டை முடித்து, கை கழுவி, சின்னக் கத்தரியோடு அவர் எதிரில் வந்து நின்றாள். முதல் முடிச்சை வெட்டினாள்.

"அன்னிக்கே இதை என்கிட்ட காட்டியிருக்கலாம்ல?" என்றார்.

"காட்டியிருந்தா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது நூலெல்லாம் வெளியே வரும் வரை யோசித்தார்.

"அப்பவும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

புருஷன் கட்டில் குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு நூலையும், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்து, பிடுங்கி எடுத்தாள்.